தாத்தாவின் சுங்கானைத் துப்புரவாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் உறவுகளே. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்த எங்கள் தாத்தாவின் சுங்கான், அதாவது புகைக்கும் பைப், இப்போது என்னிடம் இருக்கிறது. பிரையர் மரம், மத்தியதரைக் கடலோரம் வளரும் ஒருவகைப் புதரின் வேர்முண்டில் கடைவது. தண்டில் வெள்ளைப் புள்ளி, 'மேட் இன் இங்லண்ட்' முத்திரையை ஒட்டிச் சின்னதாக ஓர் எண். டன்ஹில் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் பைப்பாகத்தான் இருக்க வேண்டும். அந்த எண்ணை வைத்தே செய்த வருடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் பைப் பிரியர்கள். புகையிலை வைக்கும் கிண்ணத்தின் உள்ளே படியும் கரியைக்கூட முழுதாகச் சுரண்டமாட்டார்கள்; மரம் சூட்டில் கருகாமலிருக்க 1 மில்லிமீட்டர் அளவு விட்டுவைப்பார்கள். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தாத்தாவும் அப்படித்தான், சூடு ஆறும்வரை தண்டைக் கழற்ற யாரையும் விடமாட்டார்.

எனக்குப் புகைக்கும் எண்ணமில்லை, பத்திரமாக வைத்திருக்கவே ஆசை. வல்கனைட் என்ற கடினரப்பர் தண்டு பச்சையும் பழுப்புமாக மங்கிவிட்டது. வெள்ளைப் புள்ளிக்குச் சேதமில்லாமல் எப்படி மெருகேற்றுவது? முத்திரை அழியும்படி தேய்க்கும் யோசனை மட்டும் வேண்டாம். நம் மழைக்கும் மூடுபனிக்கும் மரத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் எதில் சுற்றி வைக்கலாம்?

கண்டி, நுவரெலியாப் பக்கம் கைதேர்ந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுவருகிறேன்.