எழும்பூரில் ஒரு டிராவல்ஸ் வாங்கியபோது நான் பார்த்த கணக்கு

எழும்பூர் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு டிராவல்ஸ் விலைக்கு வருவதாக என் ஆடிட்டர் சொன்னார். 22 வருடத் தொழில், ஐயாட்டா (உலக விமான நிறுவனங்களின் சங்கம்) அங்கீகாரம், ஆறு ஊழியர்கள். உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். எனக்குப் பத்து வருட டிக்கெட்டிங் அனுபவம் இருந்தது, துணிந்து இறங்கினேன்.

முதல் நாளே பேங்க் ஸ்டேட்மென்ட் காட்டினார். கரன்ட் அக்கவுன்டில் 41 லட்சம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது டிசம்பர் மாதம். தை கடைசியில் காசி, கயா, அயோத்தி போகிற குழுவுக்கும் ஒரு துபாய் குழுவுக்கும் பணம் கட்டும் நேரம். ரசீதுப் புத்தகங்களைக் கேட்டேன். இன்னும் கிளம்பாத பயணங்களுக்கு வாங்கியது மட்டும் 33 லட்சம்! மீதி எட்டு லட்சத்தில் அந்த வாரமே விமான டிக்கெட்டுக்காக பிஎஸ்பியில் (ஏஜென்டுகள் ஏர்லைன்களுக்குப் பணம் கட்டும் ஐயாட்டாவின் முறை) கட்ட வேண்டியது ஐந்து லட்சம்.

அப்புறம் மூன்று நாள் சாயங்காலம் கவுன்டரில் இருக்கும் அக்காவோடு உட்கார்ந்து, ஒவ்வொரு ரசீதுக்கும் டிக்கெட் போட்டாச்சா, ஹோட்டலுக்குப் பணம் போயாச்சா என்று டிக் அடித்தோம். காசிக் குழுவில் 60 பேர். 26 பேருக்கு டிக்கெட்டே எடுக்கவில்லை. அதில் பாதிப் பேர் பென்ஷன் பணத்தைச் சேர்த்துக் கட்டிய பெரியவர்கள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

உரிமையாளர் ஏமாற்றுகிறவர் இல்லை. இந்தக் குழுவின் முன்பணத்தில் போன குழுவின் பாக்கியை அடைத்தே பல வருடம் ஓட்டியிருக்கிறார். புதுக் குழுக்கள் சேர்ந்துகொண்டே இருக்கும் வரை அது வெளியே தெரியாது. நேரில் போய், "ஐயா, இந்த 33 லட்சம் ஜனங்களோட பணம், விலையில சேர்க்க முடியாது" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒத்துக்கொண்டார். முன்பணம் முழுவதையும் தனி அக்கவுன்டுக்கு மாற்றிய பிறகுதான் விலை பேசினோம்.

விலையிலும் ஆறு லட்சத்தை நிறுத்தி வைத்தேன். காரணம் ஏடிஎம், பேங்க் மெஷின் இல்லை, ஏர்லைன் அனுப்பும் டெபிட் மெமோ. கட்டணத்தைத் தப்பாகப் போட்டு டிக்கெட் அடித்திருந்தால், கடைசிப் பயணத் தேதியிலிருந்து ஒன்பது மாதம் வரை அது வரலாம். விற்றது அவர், வந்து சேருவது என் மேஜைக்கு. நான்கு வந்தன, அந்தப் பணத்திலிருந்தே கட்டினேன்.

ஜிஎஸ்டியையும் விடாதீர்கள். சட்டத்தின் 85ஆம் பிரிவுப்படி, கைமாறும் நாள் வரையிலான பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு.

மறுமொழி:
அண்ணா, நான் மண்ணடியில் உம்ரா டிராவல்ஸ் ஒன்று வாங்கினேன். வெளிநாட்டு பேக்கேஜுக்கு 2020 அக்டோபரிலிருந்து டிசிஎஸ் (வாடிக்கையாளரிடம் வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிக்கணும் இல்லையா? பிடித்ததாக பில்லில் இருந்தது. தெரிந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் 26ஏஎஸ் (அவரவர் பேரில் கட்டிய வரியைக் காட்டும் வருமான வரிப் படிவம்) எடுத்துக் காட்டச் சொன்னேன். அதில் வரவே இல்லை. அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டு, விற்றவர் அதை முழுதும் கட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

மறுமொழி:
ஜிடிஎஸ் (டிக்கெட் புக் செய்யும் கம்ப்யூட்டர் அமைப்பு) நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும் வாங்கிப் படியுங்கள் சார். விற்கிறவர்கள் அந்த நிறுவனத்திடம் முன்கூட்டியே ஊக்கத்தொகை வாங்கியிருப்பார்கள். சொன்ன அளவுக்கு செக்மென்ட் (புக் செய்த விமானப் பயணங்களின் எண்ணிக்கை) வராவிட்டால் அந்த நிறுவனம் திருப்பிக் கேட்கும். எங்களுக்கு அது நடந்தது. கூடவே, ஆபீஸ் வாட்ஸ்அப் நம்பர் யார் பேரில் இருக்கு என்று பாருங்கள். எங்கள் கடையில் அது உரிமையாளரின் மருமகன் பேரில் இருந்தது. பாதி வாடிக்கையாளர்கள் அவரோடு போய்விட்டார்கள்.

முதலில் எழுதியவர்:
நம்பர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி. இன்றைக்கே பார்க்கிறேன். காசிக் குழு என்ன ஆனது என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 60 பேரும் சொன்ன தேதியில் கிளம்பினார்கள். அந்த 26 டிக்கெட்டையும் தனி அக்கவுன்டிலிருந்துதான் எடுத்தோம்.