புதுப்பிப்பு: பங்ளாதேஷ் தம்பி வீட்டு அடிபம்பு, சோதனை முடிவு வந்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: சிங்கப்பூர் துவாஸில் என்னோடு வேலை செய்யும் பங்ளாதேஷ் தம்பி, ஊரில் அம்மா குடிக்கும் அடிபம்புத் தண்ணீரில் ஆர்சனிக் (நிலத்தடி நீரில் கலந்திருக்கக்கூடிய நச்சுப்பொருள்) இருக்குமோ என்று பயந்தார். சோதிக்கச் சொன்னவர்களுக்கு நன்றி.

ஆர்சனிக் லிட்டருக்கு 80 மைக்ரோகிராம். அந்நாட்டு வரம்பு 50. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 10. ஆனால் நாற்பதடி தள்ளியிருக்கும் பக்கத்து வீட்டுப் பம்பில் 10க்கும் குறைவு! நிலத்தடி அப்படித்தான், இடத்துக்கு இடம், ஆழத்துக்கு ஆழம் மாறும்.

"கொதிக்க வச்சா போதுமா அண்ணே?" என்றார் (தமிழ் எங்களிடம் கற்றது). கிருமிதான் சாகும், ஆர்சனிக் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடும்.

அம்மாவை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை லெம்பு ரோட்டில் உட்கார்ந்து வீடியோ கால். "இருபது வருஷமா குடிக்கிறேன், நிறமில்லை, வாடையில்லை" என்றாராம். 'விஷம்' என்று சொல்லவே வேண்டாம் என்றேன். பயந்தால் கேட்க மாட்டார்கள். குடிக்க, சோறாக்க பக்கத்து வீட்டுத் தண்ணீர். குளிக்க, துவைக்க பழையதே போதும். அம்மாவின் உள்ளங்கையில் இருக்கும் தடிப்பை (ஆர்சனிக்கால் அப்படி வரலாம்) மருத்துவரிடம் காட்டணும், அது யாருக்கும் ஒட்டாது.

கடைசி வார்த்தைதான் வேலை செய்தது. பேரனைத் தொடவே தயங்கியிருந்தாராம்.

நேற்று போட்டோ வந்தது: பம்புக்குச் சிவப்புச் சாயம், 'குடிக்காதே' என்பதற்கு அங்கே அதுதான் அடையாளம்.