கரண்ட் இல்லாத அரை நாள்: உங்க வீட்ல என்ன நடந்தது?

மூணாம்மாடி, நங்கநல்லூர்

நேத்து எங்க ஏரியாவுக்கு மாதாந்திர பராமரிப்பு. 9 மணிக்குப் போனா 2 மணிக்குத்தான். மெசேஜ் வந்தும் முந்தின நாளே சட்னி அரைச்சு வைக்கல, அது வேற கதை.

ஃபேன் நின்னதும்தான் காதே திறந்துது. ஆடி பொறந்ததிலேர்ந்து அலறிட்டிருந்த கோயில் ஸ்பீக்கரும் கப்சிப். கிச்சன் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்துல ஒரே கத்தல். நான் தினம் சோறு வைக்கிற காக்கா, கால்விரல் ஒண்ணு கோணலா இருக்குமே, அதேதான். இட்லித் துண்டைத் தூக்கிட்டுப் போய் கிளையில இருந்த குஞ்சு வாயில திணிக்குது. குஞ்சு கறுப்புதான், ஆனா உடம்பெல்லாம் வெளுத்த புள்ளி. வாயைத் திறந்தா குங்குமம் கொட்டின மாதிரி செவப்பு, காக்கா மூக்கு பாதி உள்ளே போயிடுது. குயில் குஞ்சு! இதுக்குத் தெரியலையேன்னு பாவமா இருந்துது.

எட்டிப் பார்த்தா மேல் கிளையில கூடு. குச்சிக்கு நடுவுல நீலக் கம்பி ஹேங்கர். போன மாசம் கொடியிலேர்ந்து காணாமப் போன நாலுல ஒண்ணு. வேலைக்கு வர்ற அக்காகிட்ட "நீங்க பார்த்தீங்களா?"ன்னு ரெண்டு தடவை கேட்டிருக்கேன். ரெண்டாவது தடவை என் குரல் எப்படி இருந்துதுன்னு எனக்கே தெரியும்.

பெரம்பூர் பைனாகுலர்

காக்காவுக்கு எதுக்குங்க பாவம்? குயில் குஞ்சு காக்கா குஞ்சுகளைக் கீழே தள்ளிடும்னு ஆளாளுக்குச் சொல்வாங்க. அது ஐரோப்பாவுல இருக்கிற குக்கூ பண்ற வேலை. நம்ம ஊர்க் குயில் குஞ்சு பெரும்பாலும் அப்படித் தள்றதில்லை. குயில் முட்டை 12-14 நாள்ல பொரிஞ்சிடும், காக்கா முட்டைக்கு 16 நாளுக்கு மேல ஆகும். முன்னாடி பொறந்தது முன்னாடி சாப்பிடுது, அவ்வளவுதான். இன்னொண்ணு, "குக்கூ"ன்னு பாடுறது ஆண், பொண்ணு "கிக் கிக்"னுதான் கத்தும். சினிமாப் பாட்டெல்லாம் தப்பு.

என் அனுபவம்னா, கரண்ட் போனா தூங்கிடுவேன்.

அம்பத்தூர் ரிட்டயர்டு

எங்க வீட்லயும் போன மாசம் ஷட்டவுன். இன்வெர்ட்டர் இருபது நிமிஷத்துல கீச்சுனு கத்திட்டு நின்னு போச்சு. அதனால சொல்றேன், எல்லாரும் இன்னைக்கே பேட்டரி தண்ணி பாருங்க. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். போர் தண்ணி, கேன் தண்ணி எதுவும் வேண்டாம், உப்பு உள்ளே போனா பேட்டரி காலி. ஆசிட் ஊத்தச் சொல்ற எலக்ட்ரீஷியன் பேச்சைக் கேட்காதீங்க, குறையறது தண்ணிதான். மிதவைக் குச்சியில பச்சைக் கோடு வரைக்கும் ஊத்தினா போதும், வழியவிடக் கூடாது. டெர்மினல்ல வெள்ளையாப் பூத்திருந்தா ஆஃப் பண்ணிட்டு, வெந்நீர்ல சோடா உப்பு கலந்து துடைச்சு, காஞ்சதும் வாசலின் தடவுங்க. மூடின அலமாரிக்குள்ள பேட்டரி வைக்காதீங்க, சார்ஜ் ஆகும்போது கேஸ் வரும்.

மந்தைவெளி மொட்டைமாடி

சார், இங்க யாரும் பேட்டரி கேட்கல.

மூணாம்மாடி, நீங்க காக்காவுக்குப் பரிஞ்சு பேசுறீங்க, எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. தண்ணி டேங்க் பக்கத்துத் தென்னையில கூடு கட்டிட்டு, வத்தல் காயவைக்கப் போனா பின்மண்டையில ஒரே அடி. முன்னாடி வராது, திரும்பினாத்தான் வரும். ரெண்டு மாசமா ஹெல்மெட் போட்டுட்டுத்தான் வடாம் பிழியறேன். எதிர் வீட்டுப் பையன் வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுட்டான்.

மூணாம்மாடி, நங்கநல்லூர்

ஹெல்மெட் 😂 சார், இன்வெர்ட்டரே எங்க வீட்ல கிடையாது.

இன்னைக்குக் காலையில அக்கா வந்ததும் ஜன்னல்கிட்ட கூட்டிட்டுப் போய்க் கூட்டைக் காட்டினேன். "சாரிக்கா"ன்னு சொல்ல வந்து, "பாருங்கக்கா, நம்ம ஹேங்கர்"னு மட்டும்தான் வந்துது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாங்க. "மீதி மூணு?"ன்னாங்க. நான் முழிச்சேன். "அதையும் அதுகிட்டயே கேளும்மா"ன்னுட்டு விளக்குமாத்தை எடுத்துட்டுப் போயிட்டாங்க.

ஹால்ல பெருக்குற சத்தம் கேட்டுட்டே இருந்துது. நான் டீக்குத் தண்ணி வச்சேன், ரெண்டு டம்ளர்.