நெஸ்ற் கட்டியும் பிள்ளையின்ர கால் அகண்டு போகுது, ஏன்?

கேள்வி:
அக்காமார், எங்கட வாட்டில 29 கிழமையில குறைமாசமாப் பிறந்த பிள்ளை, 1.1 கிலோ, பிறந்து ஆறு நாள், சீபாப்பில (மூக்கால அழுத்தத்தோட காத்துக் குடுக்கிற மெசின்) இருக்கு. துவாய் உருட்டி, பிள்ளையைச் சுத்திக் கூடு மாதிரி நெஸ்ற் கட்டினனாங்கள். ஆனாலும் கொஞ்ச நேரத்தில தொடை ரெண்டும் தவளைக்கால் மாதிரி விரிஞ்சு, கை தோளுக்கு மேல போய் மெத்தையோட ஒட்டுது. குப்புறக் கிடத்தினாலும் அதேதான். எங்க பிழை?

பதில் 1:
தங்கச்சி, நெஸ்ற் பெரிசாப் போச்சு. 29 கிழமையில தசையில இறுக்கம் காணாது, மெத்தை எப்பிடியோ கை காலும் அப்பிடியே படிஞ்சிடும். உருளை உடம்பில முட்டாட்டி அது வெறும் அலங்காரம். பிள்ளையைக் கிடத்தின பிறகு ரெண்டு பக்கத்தையும் தொடையோட ஒட்ட நெருக்குங்கோ. கால்மாட்டைத் திறந்து விடாதேங்கோ, உதைச்சால் பாதம் உருளையில படவேணும். ரெண்டு தோளுக்குப் பின்னாலயும் சின்னத் துணி மடிப்பு வைச்சால் கை முன்னுக்கு வந்து வாய்க்குக் கிட்ட நிக்கும்.

பம்பர்ஸையும் பாருங்கோ. சைஸ் பெரிசெண்டால் கவட்டுக்க திணிஞ்சு அதுவே தொடையை விரிக்கும். முன்பக்கத்தை மடிச்சுக் கட்டினாலும் சரிவராது, சின்ன சைஸ்தான் வேணும்.

பதில் 2:
குப்புறக் கிடத்தேக்க வெறும் மெத்தையில போட்டால் விரியாமல் என்ன செய்யும்? துணியை நீளவாக்கில மடிச்சு, நெஞ்சில இருந்து இடுப்பு மட்டும், உடம்பிலும் பார்க்க ஒடுக்கமா நடுவில வையுங்கோ. தோள் ஓரத்தால முன்னுக்கு வளையும், முழங்கால் வயித்துக்குக் கீழ மடங்கும். கழுத்துக்கு ஏறக்கூடாது. குப்புறக் கிடையில ஒட்சிசன் நல்லா நிக்கும், ஆனால் மொனிற்றர் பூட்டியிருந்தால் மட்டும் அப்பிடிக் கிடத்துங்கோ.

3-4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பம்பர்ஸ் மாத்திற நேரத்தோட சேர்த்துத் திருப்புங்கோ. ஒரு கை தலைக்கு, மற்றக் கை மடக்கின காலுக்கு. சடாரெண்டு தூக்கினால் திடுக்கிட்டுக் கை விரியும், இரத்தத்தில ஒட்சிசன் செறிவும் இறங்கும். திருப்பின உடன சீபாப் மூக்கில சரியா இருக்கோ எண்டும், தாடை நெஞ்சில குத்துதோ எண்டும் பாருங்கோ. குத்தினால் மூச்சுவழி மடங்கிப்போகும்.

பதில் 3:
இதெல்லாம் ஆறு நாள் பிள்ளைக்குச் சரி. இதே மாதிரி 29 கிழமையில பிறந்த பிள்ளை புதுசா ஒண்டு வந்தால், பிறந்து முதல் 72 மணித்தியாலமும் தலையை நேரா வைச்சு, தலைமாட்டை 15-30 பாகை உயர்த்துறதுதான் அநேகமான இடங்களில வழக்கம். தலை ஒரேயடியாப் பக்கம் திரும்பினால் கழுத்து நாளம் நெரிஞ்சு மூளையில இரத்தம் தேங்கும், கசியவும் பார்க்கும். பம்பர்ஸ் மாத்தேக்க காலை உயர்த்தவும் வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி அக்கா. வீட்ட போனாப் பிறகும் நெஸ்ற் கட்டட்டோ எண்டு தாய் கேக்கிறா.

பதில் 1:
வேண்டாம். வீட்டில மல்லாக்க, சமதளமான மெத்தை, உருளையோ தலையணையோ இல்லை. துண்டு வெட்டி வீட்ட விடுறதுக்கு ரெண்டு மூண்டு கிழமைக்கு முந்தியே வாட்டில அப்பிடிக் கிடத்திப் பழக்குங்கோ. தாய் நாங்கள் செய்யிறதைப் பார்த்துத்தான் வீட்டில செய்வா.