அம்மாவின் டேப்பிலிருந்து கோலப் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியவில்லை, உதவுங்கள்

வாசல்படி (வெள்ளி, இரவு 9.15)

வணக்கம். மூன்று நாள் முட்டி மோதிவிட்டு இங்கே வருகிறேன்.

அம்மாவிடம் 2017இல் வாங்கிய ஆண்ட்ராய்டு டேப் ஒன்று இருக்கிறது. சிம் போடுகிற ரகம், 8 அங்குலம், ஆண்ட்ராய்டு 7. காலையில் வாசலில் கோலம் போட்டதும் அதில் ஒரு படம் எடுத்துவிடுவார். மார்கழி என்றால் பக்கத்து வீட்டுக் கோலம், எதிர் வீட்டுக் கோலம் எல்லாம் சேரும். இத்தனை வருடப் படங்களும் அந்த டேப்பில் மட்டும்தான் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை.

சார்ஜர் ஒயரை விண்டோஸ் 10 லேப்டாப்பில் செருகினால் டேப் சார்ஜ் ஏறுகிறது, அவ்வளவுதான். லேப்டாப்பில் எதுவும் வரவில்லை. மூன்று யுஎஸ்பி துளையிலும் செருகிப் பார்த்தேன். லேப்டாப், டேப் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்தாகிவிட்டது. இங்கே ஒரு கடையில் கொடுத்தேன், "ஃபார்மட் பண்ணினால் சரியாகிவிடும்" என்றார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்சம் அவசரமும் இருக்கிறது. டேப்பின் பின்மூடி ஒரு பக்கம் லேசாகத் தூக்குகிறது.

கடைத்தெருத் தம்பி (வெள்ளி, இரவு 9.40)

அக்கா, ஃபார்மட் செய்யாமல் திரும்பி வந்தீர்களே, அதுவே பாதி வெற்றி.

முதலில் ஒயரை மாற்றுங்கள். யுஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. விலை குறைந்த பல ஒயர்களில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. அதனால் சார்ஜ் ஏறும், ஃபைல் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். செருகியதும் லேப்டாப் 'டிங்' என்று சத்தம் கொடுக்கிறதா என்று கவனியுங்கள். சத்தமே இல்லையென்றால் ஒயர் மேல்தான் முதல் சந்தேகம்.

நாஞ்சில் காற்று (வெள்ளி, இரவு 10.05)

இதற்கு ஒயரே வேண்டாம். எல்லாப் படத்தையும் வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள், லேப்டாப்பில் வாட்ஸ்அப் வெப் திறந்து இறக்கிக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

லினக்ஸ் தாத்தா (வெள்ளி, இரவு 10.30)

வேண்டாம் ஐயா. சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். எந்த நாள், எந்த நேரம் எடுத்தது என்று படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும் குறிப்பும் போய்விடும். 'டாக்குமெண்ட்' என்று அனுப்பினால் அசல் அப்படியே போகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரக்கணக்கில் இருப்பதை அப்படி யார் உட்கார்ந்து அனுப்புவது?

கூகுள் போட்டோஸ் என்று அடுத்து யாராவது வருவார்கள். 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றுகிற படங்களெல்லாம் அந்த இலவச 15 ஜிபிக்குள் அடக்கம், மெயிலுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. இடமும் வேகமான நெட்டும் இருந்தால் தாராளமாக ஏற்றலாம்.

வாசல்படி (சனி, காலை 8.20)

தம்பி சொன்னது சரி! அண்ணன் வீட்டிலிருந்து வேறு ஒயர் வாங்கி வந்து செருகினேன், 'டிங்' கேட்டது. 'திஸ் பிசி'யில் டேப்பின் பெயரும் வருகிறது. ஆனால் திறந்தால் உள்ளே காலி. படங்கள் அழிந்துவிட்டனவோ என்று ஒரு நிமிடம் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. டேப்பில் பார்த்தால் எல்லாம் இருக்கின்றன.

கடைத்தெருத் தம்பி (சனி, காலை 8.35)

பயப்படாதீர்கள் அக்கா. ஆண்ட்ராய்டு 6 வந்ததிலிருந்து இப்படித்தான். யார் செருகினாலும் முதலில் சார்ஜ் மட்டும்தான் கொடுக்கும். டேப்பின் பூட்டைத் திறங்கள், திரையை மேலிருந்து கீழே இழுங்கள். 'யுஎஸ்பி ஃபார் சார்ஜிங்' என்று ஒரு வரி இருக்கும். அதைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்று மாற்றுங்கள். அதிலேயே 'போட்டோ டிரான்ஸ்ஃபர்' என்றும் ஒன்று இருக்கும். அது கேமரா படங்களை மட்டும் காட்டுகிற வழி, வாட்ஸ்அப் ஃபோல்டர் அதில் வராது. அதனால் ஃபைல் டிரான்ஸ்ஃபர்தான் உங்களுக்கு.

வாசல்படி (சனி, காலை 10.50)

வந்துவிட்டது, வந்துவிட்டது! 'இன்டர்னல் ஸ்டோரேஜ்', 'எஸ்டி கார்டு' என்று இரண்டு வருகின்றன. கேமரா ஃபோல்டர் கார்டில் இருக்கிறது. மொத்தம் 4,312 படங்கள், ஏறக்குறைய 11 ஜிபி.

எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்துக் காப்பி கொடுத்தேன். 1,100 சொச்சம் வந்ததும் பச்சைக் கோடு அப்படியே நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் டேப் பதில் சொல்லவில்லை அல்லது இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று ஒரு பெட்டி வந்தது. மறுபடி செய்தேன், அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அதே படம்தான். டேப்பில் அந்தப் படத்தைத் தொட்டால் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் வருகிறது.

லினக்ஸ் தாத்தா (சனி, காலை 11.10)

அம்மா, ஒயரை இப்போதே கழற்றிவிடுங்கள். முதல் பதிவில் "பின்மூடி தூக்குகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் எல்லோரும் ஒயரைப் பற்றிப் பேசிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விட்டோம், தப்பு எங்கள் பேரில்.

அது பேட்டரி உப்புவது. லித்தியம் பேட்டரிக்குள் வாயு சேர்ந்தால் இப்படித்தான் மூடியைத் தள்ளும். இனி அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. லேப்டாப்பில் செருகினாலும் சார்ஜ் ஏறத்தான் செய்யும். மூடியை அழுத்தி ஒட்டப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். மெத்தை, துணிமணி மேல் வைக்காமல் தரையிலோ கல் மேடையிலோ வையுங்கள்.

நல்ல வேளையாக உங்கள் படங்கள் கார்டில் இருக்கின்றன. டேப்பை முழுதாக அணைத்து, கார்டை வெளியே எடுத்து, ஒரு கார்டு ரீடரில் போட்டு லேப்டாப்பில் செருகுங்கள். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். எடுக்கும் முன் ஒன்று மட்டும் பாருங்கள்: டேப்பின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பக்கத்தில் கார்டு 'போர்ட்டபிள்' என்று தனியாக இருக்கிறதா? இருந்தால் எடுக்கலாம். உள்நினைவகத்தோடு சேர்த்துப் பூட்டியிருந்தால் அந்தக் கார்டை வேறு எந்த மெஷினும் படிக்காது.

ஏன் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பழைய வாத்தியார் புத்தி. பென் டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டரே உள்ளே போய் ஃபைலை எடுத்துக்கொள்ளும். ஆரம்பகால ஆண்ட்ராய்டு போன்களும் அப்படித்தான் இருந்தன. 2011இல் ஆண்ட்ராய்டு 3 டேப்கள் வந்தபோது எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் கம்ப்யூட்டர் சமையலறைக்குள் நுழைய முடியாது. வாசலில் நின்று "அந்தப் படத்தைக் கொடு" என்று கேட்கும், டேப் எடுத்து வந்து கொடுக்கும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. கார்டில் ஒரு படம் கெட்டுப்போயிருந்தால் டேப் உள்ளே போய்த் தேடிக்கொண்டே நிற்கும், பின்னால் இருக்கும் மூவாயிரமும் வரிசையில் காத்துக் கிடக்கும்.

வாசல்படி (சனி, மாலை 5.30)

ஐயா, போர்ட்டபிள்தான். கார்டு ரீடர் வாங்கி வந்து போட்டேன். போட்டதும் விண்டோஸ், இந்த டிரைவில் கோளாறு இருக்கிறது, 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' செய்யட்டுமா என்று கேட்கிறது. செய்யட்டுமா?

லினக்ஸ் தாத்தா (சனி, மாலை 5.34)

இப்போது வேண்டாம். அந்தப் பெட்டியை மூடிவிடுங்கள்.

அந்தச் சரிபார்ப்பு கார்டின் மேலேயே எழுதித் திருத்தும். கார்டு நல்ல நிலையில் இருந்தால் பரவாயில்லை. நோயாளிக் கார்டில், நன்றாக இருக்கும் படத்தின் பெயரும் இருப்பிடமும்கூடக் கலைந்துபோகலாம். முதலில் எடுக்க முடிந்ததையெல்லாம் எடுங்கள், வைத்தியம் அப்புறம். ஒரே வீச்சில் 4,312 வேண்டாம். முந்நூறு நானூறாக எடுங்கள். ஏதாவது ஒரு படத்தில் நின்றால் 'ஸ்கிப்' கொடுத்துவிட்டு மேலே போங்கள். கார்டில் புதிதாக எதையும் எழுதாதீர்கள்.

வராமல் போனவற்றுக்குக் கடைசியில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் முயலலாம். மீட்டதை அதே கார்டில் சேமிக்கக் கூடாது, லேப்டாப்பில் சேமிக்க வேண்டும். பழைய பெயர் எதுவும் அதில் தங்காது.

நாஞ்சில் காற்று (சனி, மாலை 6.15)

இழைக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஐபேட். விண்டோஸ் லேப்டாப்பில் காப்பி செய்தால் பாதியில், சாதனம் இயங்கவில்லை என்று நின்றுவிடுகிறது. அதுவும் கெட்டுப்போன படமா?

கடைத்தெருத் தம்பி (சனி, மாலை 6.40)

பெரும்பாலும் இருக்காது அண்ணே. ஐபேட் படங்களை ஹீக் என்ற வடிவத்தில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் கேட்கும்போது ஜேபெக் ஆக மாற்றிக் கொடுக்கும். அந்த மாற்றத்தில்தான் திணறுகிறது. செட்டிங்ஸில் போட்டோஸ் பக்கத்துக்குப் போய் அடியில் பாருங்கள். 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்பதில் 'ஆட்டோமேட்டிக்' இருக்கும், அதைக் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள். 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' போட்டிருந்தால் அசல் படம் ஐபேடிலேயே இருக்காது, ஐகிளவுடில் இருக்கும், அது வேறு கதை. தனி இழை தொடங்குங்கள், அக்காவின் கோலத்தை முதலில் முடிப்போம்.

வாசல்படி (ஞாயிறு, காலை 11.00)

4,303 வந்துவிட்டன! நின்றவை மொத்தம் ஒன்பது. பாதிப் படம் சரியாகவும் மீதி சாம்பலாகவும் இரண்டு, திறக்கவே திறக்காதவை ஏழு. போட்டோரெக் அந்த ஏழில் மூன்றை மீட்டது. மீதி நான்கை விட்டுவிட்டேன். அதில் ஒன்று 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை. அம்மா நோட்டைப் பார்த்து அதை மறுபடி போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள். டேப்பின் உள்ளே வாட்ஸ்அப்பில் வந்த படங்கள் இருக்கின்றன, அத்தை மாமி எல்லோரும் அனுப்பிய கோலங்கள். ஒயர் போடக் கூடாது என்றால் அவற்றை எப்படி எடுப்பது? பேட்டரி 60 சதவீதம் இருக்கிறது. அடுத்தது, கார்டிலிருந்து வந்த படங்களைக் கம்ப்யூட்டரில் தேதிப்படி அடுக்கினால் எல்லாம் நேற்றைய தேதியில் நிற்கின்றன.

கடைத்தெருத் தம்பி (ஞாயிறு, காலை 11.25)

60 சதவீதம் போதும் அக்கா. டேப்பிலும் லேப்டாப்பிலும் லோக்கல்செண்ட் என்ற இலவச செயலியைப் போடுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் சரி. படம் வீட்டுக்குள்ளேயே போய்விடும், அனுப்புவதற்கு நெட் வேண்டாம். உங்கள் பழைய ஆண்ட்ராய்டில் 'வாட்ஸ்அப்' ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் 'வாட்ஸ்அப் இமேஜஸ்'. அதற்கும் உள்ளே 'சென்ட்' என்று ஒன்று இருக்கும், அம்மா பிறருக்கு அனுப்பியவை அங்கே. அதை மறந்துவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் இந்த ஃபோல்டர் வேறு இடத்துக்குப் போய்விட்டது. புது போன் வைத்திருப்பவர்கள் 'ஆண்ட்ராய்டு' ஃபோல்டருக்குள் 'மீடியா'வில் தேட வேண்டும்.

'தம்ப்நெய்ல்ஸ்' என்ற ஃபோல்டரைக் கண்டால் தொடாதீர்கள், அவை குட்டி நகல்கள். கடைக்கு வந்த ஒருவர் அதை மட்டும் காப்பி செய்துவிட்டு அசலை அழித்திருந்தார். கல்யாண ஆல்பம் முழுவதும் தீப்பெட்டி அளவில்தான் மிஞ்சியது.

லினக்ஸ் தாத்தா (ஞாயிறு, பகல் 12.10)

தேதி எங்கும் போகவில்லை. நீங்கள் பார்ப்பது ஃபைல் கம்ப்யூட்டரில் பிறந்த நாள். ஃபோல்டரில் 'டேட் டேக்கன்' என்ற நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள். அது படத்துக்குள்ளேயே பதிந்தது. வாட்ஸ்அப்பில் வந்தவற்றில் அது இருக்காது, ஆனால் பெயரில் தேதி உண்டு. 20190114 என்று வந்தால் 2019 ஜனவரி 14. அந்த வருடம் அது போகி.

வாசல்படி (ஞாயிறு, இரவு 8.45)

வாட்ஸ்அப் படங்கள் 1,870ம் வந்துவிட்டன. கார்டுப் படங்களும் அடுக்கில் வந்துவிட்டன, 58 படங்கள் தவிர. அவை 2016 ஜனவரி 1 என்று காட்டுகின்றன. டேப் வாங்கியதே 2017இல்!

லினக்ஸ் தாத்தா (ஞாயிறு, இரவு 9.00)

டேப்பை எப்போதாவது சார்ஜ் இல்லாமல் மாதக்கணக்கில் போட்டு வைத்திருந்தீர்களா? பேட்டரி சுத்தமாக வறண்டால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். சிம்மோ வைஃபையோ இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் அப்படியே ஓடும். சரியான நாள் தெரிந்தால் டிஜிகேம் மென்பொருளில் மொத்தமாக மாற்றலாம். தெரிந்தால்தான்.

வாசல்படி (திங்கள், இரவு 9.30)

சிம் காலாவதியாகி, டேப் பரணில் கிடந்தது ஒரு காலம். அதற்குப் பிறகு எடுத்தவைதான் இந்த 58.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோலத்தை அவர் பார்க்கவே இல்லை, ஓரத்தைப் பார்த்தார். "இது படிக்கு டைல்ஸ் போடறதுக்கு முன்னாடி. இதுல எதிர் வீட்டு வேப்பமரம் இருக்கு பாரு, புயலுக்கு முந்தி. பூசணிப்பூ வெச்சிருக்கேன்ல, இது மார்கழி." நாற்பத்தொன்றுக்கு வருடமும் மாதமும் சொல்லிவிட்டார். மீதியை நாளைக்குப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

படங்கள் இப்போது லேப்டாப்பில் ஒன்று, அண்ணனிடம் உள்ள ஹார்ட் டிஸ்கில் ஒன்று என்று இரண்டு இடத்தில் இருக்கின்றன. டேப்பை நாளை பேட்டரி கழற்றுகிறவரிடம் கொடுக்கிறேன். பழைய கார்டை ஒரு கவரில் போட்டு, மேலே தேதி எழுதி வைத்துவிட்டேன், அதை இனி எதிலும் செருகப் போவதில்லை. அம்மாவின் கவலை வேறு: மார்கழிக்குள் வேறு டேப் வந்துவிடுமா என்று இப்போதே கேட்கிறார்.