புல்லட் 350 பழைய பிளாக்: ஹோனிங் போதுமா, போர் அடிக்கணுமா?

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, போர் (சிலிண்டரின் உள்துளை) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. மாற்றுவதற்காக வாங்கிய செகண்ட் ஹேண்ட் சிலிண்டர் பிளாக், மழைக்காலம் முழுக்க ஆயில் தடவாமல் கிடந்ததில் போருக்குள் துரு. இடம் சென்னை, கடல் பக்கம்.

மண்ணெண்ணெயில் கழுவி, டீசலில் நனைத்த நைஸ் ஸ்டீல் வூலால் தேய்த்ததில் மேல்துரு போய்விட்டது. உள்ளே எமரி தாள் போடவில்லை. அதன் பொடி வார்ப்பிரும்பில் பதிந்து புது பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். வெளி ஃபின்களுக்கு வினிகர், பிறகு சோடா உப்புத் தண்ணீர். காய்கிறபோதே செம்பழுப்புப் படலம் திரும்ப வந்தது. ஆயில் துணியால் துடைத்த பிறகுதான் நின்றது.

மேல் விளிம்பிலிருந்து சுமார் 25 மி.மீ. கீழே, ரிங் ஓடும் இடத்திலேயே, கடுகைவிடச் சிறிய கருப்புக் குழிகள் கூட்டமாக இருக்கின்றன. லேசாக ஹோனிங் (உள்சுவரைக் கல்லால் மெல்லத் தேய்ப்பது) செய்தும் போகவில்லை. இரண்டு குழிகளில் நகம் மாட்டுகிறது. போர் கேஜில் தேய்மானம் 0.03 மி.மீ. மட்டுமே. கம்பெனி அளவிலேயே (ஸ்டாண்டர்ட்) இருக்கிற நல்ல போரை வீணாக்க மனசு வரவில்லை.

இந்தக் குழிகளோடு ஸ்டாண்டர்ட் பிஸ்டன், புது ரிங் போட்டால் ஆயில் குடிக்காமல் ஓடுமா, இல்லை உள்துளையைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு போர் அடித்தே ஆகணுமா?