வான்வழிப் படம் திரிகோணமலைக்குக் கிழக்கே கடலில் போய் விழுகிறது – உதவி தேவை

பொருநைக்கரை: வணக்கம். சேரன்மகாதேவிப் பகுதியின் பழைய வான்வழிப் புகைப்படம் ஒன்றை ஸ்கேன் செய்து ஜியோரெஃபரன்ஸ் செய்கிறேன், அதாவது இடம் தெரிந்த புள்ளிகளைக் கொண்டு வரைபடத்தில் அதற்குரிய இடத்தில் பொருத்துகிறேன். புள்ளிகளையெல்லாம் சரியாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் படமோ இலங்கையையும் தாண்டிக் கடலுக்குள் கிடக்கிறது. இந்த வாரத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும், தெரிந்தவர்கள் விரைந்து வழி சொல்லுங்கள்.

மறுகால்: எந்த மென்பொருள், எத்தனை புள்ளிகள், அவற்றின் ஆயத்தொலைவுகளை எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த சிஆர்எஸ் (ஆயத்தொலைவு முறை) கொடுத்தீர்கள் என்று எதையுமே நீங்கள் சொல்லவில்லையே.

சங்கிலிக்காரர்: எவரெஸ்ட் டேட்டம்தான், அதாவது பழைய இந்திய வரைபடங்கள் பூமியின் வடிவுக்கு எடுத்துக்கொண்ட அடிப்படைதான், காரணம். இந்திய நில அளவைத் துறையின் பழைய 58 எச் வரைபடத் தாளிலிருந்து புள்ளி எடுத்துவிட்டு, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்தால் இப்படித்தான் விலகும். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அட்சரேகை: இதே கேள்வி இங்கே ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. கையேட்டின் முதல் அத்தியாயத்தைக்கூடப் புரட்டாமல் வந்து அவசரம் என்று எழுதுபவர்களுக்கு எதற்காகப் பதில் சொல்ல வேண்டும் என்றே எனக்கு விளங்கவில்லை.

மறுகால்: சங்கிலிக்காரர் அண்ணாச்சி, டேட்டம் மாறினால் நம் பக்கத்தில் விலகல் சில நூறு மீட்டரோடு நின்றுவிடும், கடல் தாண்டிப் போகாது.

பொருநைக்கரை: கியூஜிஐஎஸ் மென்பொருள், எட்டுப் புள்ளிகள், பாலினோமியல் 1 (படம் முழுவதையும் ஒரே சூத்திரத்தால் நகர்த்தி, திருப்பி, நீட்டும் முறை). கைபேசி ஜிபிஎஸ் செயலியில் யூடிஎம் (பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் முறை) மீட்டரில் எடுத்தேன். கிழக்கு அளவு 7,82,000-ஐ ஒட்டியும் வடக்கு அளவு 9,61,000-ஐ ஒட்டியும் வருகின்றன. தூத்துக்குடி நண்பர் ஒருவர் தந்த புராஜெக்ட் கோப்பில் செய்வதால் அதிலிருந்த சிஆர்எஸ் எண்ணான இபிஎஸ்ஜி 32644-ஐயே விட்டுவிட்டேன்.

மறுகால்: விஷயம் அதுதான். 78 பாகைத் தீர்க்கரேகை திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே போகிறது. அதற்குக் கிழக்கே உள்ள தூத்துக்குடி 44-ஆம் மண்டலம், மேற்கே உள்ள சேரன்மகாதேவி 43. ஒரு மண்டலத்தின் எண்களை அடுத்த மண்டலத்தினுடையவை என்று சொன்னால், படம் அப்படியே 6 பாகை, அதாவது நம் அட்சரேகையில் ஏறத்தாழ 660 கிலோமீட்டர், கிழக்கே நகர்ந்து திரிகோணமலைக்கு அப்பால் விழும். 44-ஆம் மண்டலத்தில் உங்கள் ஊரின் கிழக்கு அளவு 1,22,000-ஐ ஒட்டி வர வேண்டும். உங்கள் கிழக்கு அளவு 78 என்ற இலக்கங்களில் தொடங்குவதைப் பார்த்தாலே அது 43 என்று தெரிந்துவிடும். புள்ளிகளை மறுபடி வைக்க வேண்டாம். ராஸ்டர் மெனுவில் உள்ள ‘அசைன் புரொஜெக்‌ஷன்’ வழியாக 43-ஆம் மண்டலத்துக்கான 32643 என்று கொடுங்கள். ‘வார்ப்’ பக்கம் போகாதீர்கள். அது எண்களை மாற்றிக் கொடுத்துப் படத்தைக் கடலிலேயே வைத்திருக்கும்.

பனைவிடலி: என்னைக் கேட்டால் பாலினோமியலையே விட்டுவிட்டுத் தின் பிளேட் ஸ்ப்லைனுக்கு மாறுங்கள் என்பேன். பழைய அச்சுத்தாள் சுருங்கியும் நெளிந்தும் இருக்கும், அதற்கு இதுதான் ஈடுகொடுக்கும். எனக்கு எச்சப்பிழை (புள்ளி விழ வேண்டிய இடத்துக்கும் விழுந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு) சுழியம் வருகிறது.

சங்கிலிக்காரர்: சுழியம் வராமல் என்ன செய்யும்? அந்த முறை ஒவ்வொரு புள்ளியின் வழியாகவும் படத்தை இழுத்துக் கட்டிவிடுகிறது. புள்ளியையே தவறாக வைத்தாலும் சுழியம்தான் காட்டும். இரண்டு மூன்று புள்ளிகளைக் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்து, முடிந்தபின் அவை எங்கே விழுகின்றன என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பனைவிடலி: பாலினோமியல் 1-க்கு மூன்று புள்ளி போதும் என்று மூன்றோடு நிறுத்துகிறவர்களுக்கும் பிழை சுழியம்தானே, அண்ணாச்சி. அவர்களை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அட்சரேகை: இருவருமே அடிப்படையைத் தொடவில்லை. புள்ளி எங்கே வைக்கப்பட்டது என்பதை யார் கேட்டீர்கள்? கோபுரத்தின் உச்சியில் வைத்தால், உயரமான பொருள் படத்தின் மையத்திலிருந்து வெளிப்புறமாகச் சாய்ந்து தெரியுமாதலால், அந்தப் புள்ளி ஆகாது. குளத்தின் நீர் விளிம்பும் ஆகாது. கார் பருவத்தில் ஓரிடத்திலும் கோடையில் வேறிடத்திலும் நிற்கும். மடை, குளத்து மறுகால் (உபரி நீர் வழியும்) சுவரின் முனை, கன்னடியன் கால்வாயைச் சாலை கடக்கும் பாலம் என்று தரைமட்டத்தில் அசையாமல் இருப்பவற்றையே எடுக்க வேண்டும்.

பொருநைக்கரை: 32643 கொடுத்ததும் படம் ஊருக்கு வந்துவிட்டது, மிக்க நன்றி. கொழுந்துமாமலைப் பக்கம் மட்டும் சாலைகள் சற்று விலகித் தெரிகின்றன.

மறுகால்: மலைப்பக்க விலகல் உயர வேறுபாட்டால் வருவது, எத்தனை புள்ளி சேர்த்தாலும் பாலினோமியலால் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. நிலத்தின் உயர மாதிரியையும் கேமரா அளவுகளையும் கொண்டு ஆர்த்தோ (உயரத்தால் வரும் விலகலை நீக்குதல்) செய்ய வேண்டும். படத்தின் ஓரத்தில் கேமராவின் குவியத் தூரமும் பறந்த உயரமும் அச்சாகியிருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

பனைவிடலி: ஸ்ப்லைனில் மலைமேல் நாலு புள்ளி வைத்தால் அதுவும் பெருமளவு சரியாகிவிடும்.

சங்கிலிக்காரர்: அந்த நாலு புள்ளிக்கு நடுவே என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.